பதினொரு ஆர்க்கிட்டும் ஒரு ஏர்கோனும்

“வர்ற வியாழக்கிழமை ஆடி பொறக்குதும்மா,” என்று இருளாயி ஆரம்பித்தார்.

சமையலறை முழுக்க நெத்திலி வறுபடும் புகை. பிரமிளா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. மாமியார் தானாக ஒரு பேச்சைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை.

“ஆமாங்கத்தை. காலண்டர்ல பாத்தேன்.”

“புதுசா கட்டிக்கிட்டு வந்த பொண்ணு ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறதுதான் வழக்கம்.”

“இப்ப யாருங்கத்தை அதெல்லாம் பாக்குறாங்க? எங்க அக்காகூடப் போகல.”

“நம்ம வீட்டுல பாக்குறதுதான்.”

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் சுரேன் தலையைத் தூக்கினான். “எப்பருந்தும்மா? போன வருசம் பெரியம்மா மகனுக்குக் கல்யாணம் ஆச்சு. அண்ணி ஆடி பூரா இங்க வந்து மீ கோரிங் செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தாங்க.”

“நீ சோத்தப் பாத்துச் சாப்புடு.”

“எத்தனை நாளுங்கத்தை?” என்று பிரமிளா கேட்டாள்.

“முப்பத்தொரு நாளு.” எண்ணி வைத்திருந்ததைப் போலப் பதில் உடனே வந்தது.

“அம்மா வீடு பத்து காஜாவுல இருக்கு. அங்கருந்துதான் வேலைக்கு வரணும்.”

“அரை மணி நேரம்தானம்மா. ஒங்கப்பா கார்ல கொண்டாந்து விடமாட்டாரா?”

பிரமிளா தோள்பையை இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “நான் எதுவும் தப்பா நடந்துக்கிட்டேனா அத்தை?”

இருளாயி சட்டென்று வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வழக்கம்மா. நல்லபடியா போயிட்டு வா. போறப்ப அந்த ஏர்கோன் ரிமோட்ட எங்க வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

அந்தப் பேச்சை அடுத்த இரண்டு வாரம் பிரமிளா மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தொடக்கப்பள்ளியில் தமிழும் இடைநிலைப்பள்ளியில் மலாயும் படித்து, இப்போது ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில் உட்கார்ந்து நாள் முழுக்க இரண்டு மொழியிலும் பேசுகிறவள் அவள். ஆனாலும் தனக்காகப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டும் கைகொடுக்காது. பத்து காஜாவில் அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குழம்பில் உப்புக் கூடிய நாள் எது, வாசல் பெருக்கத் தாமதமான நாள் எது என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். ரிமோட் விஷயம் மட்டும் அவள் நினைவில் தட்டவே இல்லை.

இருளாயி சடங்கு பார்க்கிறவரே அல்லர் என்பதுதான் அவளை உறுத்தியது. கல்யாணப் பேச்சின்போது பிரமிளாவின் அப்பா ராகு காலம், எமகண்டம் என்று காலண்டரைப் புரட்டியபோது, “சனிக்கிழமை எனக்கு லீவு. சனிக்கிழமை வச்சுக்கலாம்” என்று ஒரே வரியில் முடித்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று ஆடியைக் கையில் எடுத்தால், மருமகளைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வைக்க நினைக்கிறார் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இருளாயியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுரேன் அவ்வப்போது சொன்னதுதான். சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில், விடியற்காலை வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றவர். பால்மரம் சீவிப் பாலெடுத்து, பிறகு மரத்தை அழித்துச் செம்பனை வைத்தபோது முதுகில் மருந்து தெளிக்கும் தோம்பைச் சுமந்தவர். கல்யாணமாகிக் கணவர் குடும்பம் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனபோது அந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும், அந்தப் பக்கம் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும். மாமியார் நினைத்த நேரத்தில் சேலையை விலக்கிக்கொண்டு வந்து விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடுவாராம். தோட்டம் கைமாறி எல்லாரும் வெளியேறியபோது, கணவர் பிச்சைமுத்துவும் அவரும் சுரேனைத் தூக்கிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்கு வந்தார்கள். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். கையுறைத் தொழிற்சாலையில் சில காலம். அதற்குப் பிறகு ஈப்போ நகரத்துக்குள் மூன்று மாடி அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை, இன்றுவரை.

ஆர்க்கிட் வந்தது அந்த அலுவலகத்திலிருந்துதான்.

சீனப் புத்தாண்டுக்கு அங்கே ஒவ்வொரு மேசைக்கும் ஆர்க்கிட் வரும். கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் செடிகள். சிவப்புத் தாள் சுற்றி, தங்க நிற ரிப்பன் கட்டி, வளைந்த காம்பில் வரிசையாக வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருப்பதைப் போலப் பூக்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம். பூ உதிர்ந்ததும் மேலாளர் அறையிலிருந்து குரல் வரும். “காக்கா, இனி சுடா மாத்தி. தொங்ல போட்டுருங்க.” அக்கா, இது செத்துவிட்டது, குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

முதல் வருடம் இருளாயி சொன்னபடி போட்டார். போட்டுவிட்டு, பையைக் கட்டப்போனவர் ஓர் இலையை விரலால் தொட்டுப் பார்த்தார். தடித்து, குளிர்ந்து, விறைப்பாக இருந்தது. செத்த இலை அப்படி இருக்காது. எத்தனை ஆயிரம் மரத்தைத் தொட்டவர், அவருக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் நான்கு.

அடுக்குமாடியின் நடைபாதையில் பூந்தொட்டி வைக்க முடியாது. டெங்கி சோதனைக்காரர்கள் வந்தால் தண்ணீர் நிற்கும் எதையும் விடமாட்டார்கள். அதனால் நான்காவது மாடி வீட்டின் கூடமே செடிகளின் இடமாயிற்று. சன்னல் ஓரம் வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்துப் பலகை அடித்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டு, கரித்துண்டும் தேங்காய்மட்டையும் நிரப்பி, அழுகிய வேரைக் கத்தரித்து எறிந்துவிட்டு நட்டார். வேர் வெள்ளிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர். பச்சையாக இருந்தால் தொடவே மாட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கைந்து செடிகளைத் தண்ணீர் ஊற்றியே கொன்ற பிறகு அவராகக் கண்டுபிடித்தது.

செடிகள் பிழைத்தன. இலைமேல் இலையாக விட்டன. ஆனால் ஏழு வருடத்தில் ஒன்றுகூடப் பூக்கவில்லை.

கீழ்மாடியில் இருக்கும் கஸ்பார், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். “என்னக்கா, கீரை எப்ப பறிக்கப் போறீங்க? நம்மளுக்கும் ஒரு கட்டு குடுங்கலா.” இருளாயி சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஆனால் வீட்டுக்குள் வந்து பலகை முன்னால் நிற்பார். எந்தச் செடி என்ன நிறத்தில் பூத்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் கைக்கு வரும்போது எல்லாமே உதிர்ந்து முடிந்தவை. சுரேனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். “செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டதுடா இதெல்லாம். சாகலேன்னு ஒண்ணே ஒண்ணு பூத்துக் காட்டுனாப் போதும். நான் கண்ணால பாத்துட்டேன்னாப் போதும்.”

காரணத்தைச் சொன்னவர், கேமரனிலிருந்து செடி ஏற்றிவரும் லாரிக்கார ஜெயபாலன். “அக்கா, எங்க தானா ராத்தாவுல ராத்திரிக்குக் கம்பளி வேணும்லா. இந்தச் செடிக்கு ராத்திரி அந்தக் குளிர் ஒரு மாசம் கிடைச்சாத்தான் பூக்காம்பு விடும். ஈப்போ சூட்டுல வெறும் இலைதான் வரும்.”

ஒரு மாதக் குளிர். அந்த வீட்டில் குளிர் இருந்த இடம் ஒன்றுதான். கல்யாணத்துக்காகச் சுரேன் பெரிய அறையில் மாட்டிய ஏர்கோன்.

இதெல்லாம் ஆடி இரண்டாவது சனிக்கிழமை மதியம்தான் பிரமிளாவுக்குத் தெரியவந்தது. சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்தப் பட்டுச்சேலை தேவைப்பட்டது. சேலை ஜெலாப்பாங் வீட்டு அலமாரியில். போன் செய்யாமல் வந்து கதவைத் திறந்தாள். கூடத்தில் சுரேன் சட்டையில்லாமல் பாயில் கிடந்தான், மேலே காற்றாடி, தலைமாட்டில் கொசுவத்தி. பலகையில் ஒரு செடிகூட இல்லை. அவர்கள் அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்திருந்தது.

அவள் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. அவளுடைய அலங்கார மேசைமேல் நான்கு தொட்டி. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் விரித்து ஐந்து. தரையில் இரண்டு. நடுவே, சுரேனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கைவிளக்கால் இலைக்கக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் அவளுடைய மாமியார்.

“அத்தை?”

கைவிளக்கு கீழே விழுந்து உருண்டது.

“சேலை எடுக்க வந்தேன்,” என்றாள் பிரமிளா.

“எடுத்துக்கம்மா. எடுத்துக்க.” இருளாயி எழுந்து, அலமாரிக் கதவு திறப்பதற்காகத் தரையிலிருந்த தொட்டிகளை அவசர அவசரமாக நகர்த்தினார்.  பிரமிளா சேலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படியில் சுரேன் பின்னாலேயே ஓடிவந்து, செடிக்குக் குளிர் தேவைப்பட்ட கதையைச் சொன்னான். “அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க பிரமி. நான் என்ன செய்ய?”

“இதுக்குத்தான் என்னை அனுப்பினாங்களா?”

“அவங்களுக்குக் கேக்க வராது. பிள்ளைங்க ரூமு, அதுக்குள்ள அவங்க கால் வைக்கக் கூடாதாம். நீ இல்லாத நேரம்னா அது வெறும் ரூமாம்.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“என்னையப் பாரு. செடியெல்லாம் ஏர்கோன்ல படுத்திருக்கு. நான் கொசுகூடப் படுத்திருக்கேன். என் ரூமுக்குள்ள போறதுக்கு நானே பெர்மிட் எடுக்கணும்போல இருக்குலா.”

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னை வேண்டாமென்று அனுப்பவில்லை என்பதில் நெஞ்சு இலேசாயிற்று. ஆனால் பத்து காஜா போய்ச் சேருவதற்குள் வேறொரு வருத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினொரு தொட்டிக்கு இடம் கேட்க முடியாத அளவுக்கா நான் வேற்றாள்? கேட்கட்டும். வாயைத் திறந்து கேட்கட்டும். அதுவரை நானாக எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆடி முடிந்து அவள் திரும்பியபோது அறை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. செடிகள் கூடத்துப் பலகையில். அலங்கார மேசையில் மட்டும் தேய்த்தும் போகாத நான்கு வட்டக் கறை. மாமியார் அதைப் பற்றிப் பேசவில்லை. மருமகளும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், சமையலறையில் இருளாயி ஜெயபாலனோடு போனில் பேசுவது கேட்டது. ஒலிபெருக்கியை அணைக்க அவருக்குத் தெரியாது.

“படம் பாத்தேன்க்கா. பத்தும் வேர்தான். அந்த ஒண்ணு மட்டும் வேர் இல்ல, காம்புதான். குழந்தைக் கையுறை மாதிரி முனை தெரியுதுல்ல?”

“நெசமாவா தம்பி?”

“நெசம்தான். ஆனா இப்ப சூட்டுல வச்சீங்கன்னா பூ வராது. அந்தக் காம்புலேயே குட்டிச்செடிதான் வரும். இன்னும் கொஞ்ச நாள் ராத்திரிக் குளிர்லயே வைங்க.”

“எங்க வைக்கிறது? அது பிள்ளைங்க ரூமு.”

“கேட்டுப் பாருங்களேன்.”

“அந்தப் புள்ளைய ஒரு மாசம் வீட்ட விட்டே அனுப்பிட்டேன். இன்னும் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்?”

பிரமிளா கூடத்துக்கு வந்து அந்தச் செடியைப் பார்த்தாள். இலைக்கடியில் பச்சை நிறத்தில் ஒரு முனை, சுண்டுவிரல் நகம் அளவு. ஏழு வருடத்தில் முதல் தடவை. வெளியே வெயில் இறங்கிய பிறகும் சுவர் கொதித்தது. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று அவள் இன்னும் இரண்டு நாள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஈரத்துணியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, மேசைக் காற்றாடியைச் செடியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் சிறிய அறையில் காற்றில்லாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பிரமிளாவுக்கு அரைநாள் வேலை. வீட்டில் யாரும் இல்லை. அந்த ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் படுக்கையறையில், ஏர்கோன் காற்று நேராகப் படாத மூலையில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று நினைத்தாள். சாத்திய அந்தக் கதவை அவர் ஒருபோதும் திறக்கமாட்டார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது மாமியாரின் கைப்பை நாற்காலியில் இருந்தது. ஆள் இல்லை. வாசல்கதவு அகலத் திறந்து கிடந்தது. நடைபாதைச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

குப்பைத் தொங் அருகே இருளாயி நின்றிருந்தார். வேலைச் சீருடையோடு, கையுறைகூட இல்லாமல், ஒவ்வொரு பையாக முடிச்சவிழ்த்துக் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கஸ்பார் ஒரு குச்சியோடு.

“என்னக்கா தேடுறீங்க? நகையா?”

“செடி.”

“கீரையா?”

 கஸ்பார் அவர் முகத்தைப் பார்த்தார். கேலியை விட்டுவிட்டு, தானும் குனிந்து அடுத்த பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

பிரமிளா ஈரத்தலையோடு நான்கு மாடியும் ஓடி இறங்கினாள். “அத்தை! ரூமுல இருக்கு. நான்தான் எடுத்து வச்சேன். குளிருக்காக!”

இருளாயி நிமிர்ந்தார். முழங்கை வரை மீன்தண்ணீர். ஒருகணம் அவருக்குப் புரியவே இல்லை.

“நான் தூக்கிப் போட்டுட்டேன்னு நெனச்சீங்களா?” என்றாள் பிரமிளா. 

“எல்லாரும் அப்படித்தானம்மா செய்வாங்க. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதுல்ல.” அவர் கையைச் சீருடையில் துடைத்தார். “ஒன்னையக் கோவிக்கலம்மா. சத்தியமா. எடுத்துட்டுப்போய் மறுபடி நட்டுக்கலாம்னுதான் வந்தேன்.”

கஸ்பார் குச்சியைக் கீழே போட்டார். “வெளங்கிருச்சு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்க? பேசிக்க மாட்டீங்களாலா?”

படியேறும்போது பிரமிளா சொன்னாள். “கேட்டிருக்கலாம்ல அத்தை.”

“சொல்லியிருக்கலாம்லம்மா,” என்றார் இருளாயி.

 மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்கள். வீட்டுக்குள் வந்து கைகழுவிய பிறகு, பிரமிளா படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, “உள்ள வந்து பாருங்க” என்றாள். இருளாயி நிலைப்படியோடு நின்றுவிட்டார். கழுத்தை மட்டும் நீட்டி, மூலையில் இருந்த செடியைப் பார்த்தார். “இருக்கட்டும்மா. இங்கருந்தே தெரியுது,” என்றார். எவ்வளவு கூப்பிட்டும் அந்தப் படியைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு செடிக்குத் தண்ணீர் பார்ப்பது பிரமிளாவின் வேலையாயிற்று. சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் இருளாயி முதலில் கேட்பது, “அது எப்புடி இருக்கு?” நோயில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதைப் போல. செப்டம்பரில் காம்பு ஒரு சாண் வளர்ந்தது. இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சி ஒன்றைச் சுரேன் கழுவி, ஊன்றிக் கட்டினான். அக்டோபரில் மொட்டுகள், ஆறு. முதலில் மிளகுபோல, பிறகு வேர்க்கடலைபோல. என்ன நிறம் என்று சுரேனும் பிரமிளாவும் சண்டை போட்டார்கள். சுரேன் ஊதா என்றான், பிரமிளா வெள்ளை என்றாள். கஸ்பார்கூட மேலே வந்து, வாசலில் இருளாயிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மஞ்சள் என்றார். இருளாயி மட்டும் எந்த நிறத்தின் பேரையும் சொல்லாமல் மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் அடிமொட்டு உப்பி, அதன் நுனியில் இலேசாகக் கீறல் விட்டிருந்தது. இன்று விடியற்காலையிலோ நாளையோ என்று பிரமிளா வந்து சொன்னாள். இருளாயி நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

“பூத்துருச்சுன்னா ஒடனே ஒங்களுக்குத்தான் அத்தை முதல்ல சொல்வேன். வேலையில இருந்தாலும் போன் பண்ணுவேன்.”

இருளாயி தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. கையைக் கழுவி, துடைத்து, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டார்.

“என்கிட்ட வந்து சொல்லாதம்மா. என்ன நிறம்னும் சொல்லாத. நானே பாத்துக்கிறேன். நான் அஞ்சரைக்கெல்லாம் கெளம்பிருவேன், அதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சா, கதவ மட்டும் கொஞ்சம் தொறந்து வச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிறியா?”